அபயம் தருவது எது?

 

இம்முறை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் துப்பாக்கி. அகிம்சையைப் பரம தருமமாகப் போற்றும் நம் ஏட்டில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். ஆனால் கேள்வி நம் இல்லங்களுள் ஒன்றிலிருந்தே எழுந்துள்ளது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கூறாது வாளாவிருத்தல் ஆசிரியத் தொழில் புரிந்தோர்க்கு அழகன்று.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து சென்று, திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டில் வாழைத்தோப்பு வாங்கிக் குடியேறிய நம் இளைஞர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். "பெரியம்மா, மலையடிவாரத் தோப்பு வீட்டில் மனைவியும் குழந்தையுமாகத் தனித்து இருக்கிறோம். அண்டைத் தோப்பில் திருட்டு நடந்தது. காட்டுப்பன்றிகள் வேறு வருகின்றன. உரிமம் பெற்று ஒரு ரிவால்வர் வாங்க எண்ணுகிறேன். சிறிய ரகம் போதுமா, பெரிய ரகம் தேட வேண்டுமா? பழைய காலத்து ரிவால்வர்களைச் சேர்த்து வைக்கவும், கழகத்தில் சேர்ந்து குறிபார்த்துச் சுடப் பழகவும் ஆவல் உண்டு. நம் தருமம் இதற்கு என்ன சொல்கிறது?" என்பது கடிதத்தின் சாரம்.

இதில் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. காவலுக்கு ஆயுதம் வைக்கலாமா? சேகரிப்புக்கு வைக்கலாமா? பழக்கத்திற்குச் சுடலாமா? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே ஆராய்வோம்.

பொருளின் இயல்பு

ஒன்றை விலக்குவதாயினும் கொள்வதாயினும் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். நற்காட்சியை அடுத்து நல்ஞானத்தை வைத்தது நம் சமயம். ரிவால்வர் என்பது தோட்டாக்களைச் சுழலும் உருளையில் தாங்கிய கைத்துப்பாக்கி. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் ரகத்தைக் குறிக்கும் எண் குழலின் விட்டத்தைச் சுட்டுவது. .32 என்றால் ஓர் அங்குலத்தின் நூறு கூறுகளில் 32 கூறு. ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். ஆங்கிலேயப் படை 1887 முதல் ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவால்வர் .455 ரகம், ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். 1955இல் அமெரிக்காவில் .44 மேக்னம் என்னும் பேராற்றல் மிக்க தோட்டா வந்தது. விட்டமும் மருந்தும் கூடக் கூடக் காயத்தின் ஆழமும் கூடும். 'எது பெரிது?' என்ற கேள்விக்கு உள்ளே மறைந்திருக்கும் பொருள் இதுவே: 'எது ஓர் உடலை மிகுதியாகச் சிதைக்கும்?'

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் கண்டிப்பானது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்தல் குற்றம். .380, .455 தோட்டாக்களையும் படையினர்க்குரிய 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்கும் கைத்துப்பாக்கிகளுக்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இல்லை; மத்திய அரசிடமே உள்ளது. ஆகவே பொதுமக்களிடம் காணப்படும் ரிவால்வர் பெரும்பாலும் .32 ரகமே. 'சிறிதா, பெரிதா?' என்ற வினாவிற்குச் சட்டம் இவ்வாறு பாதி விடை கூறிவிட்டது. மறுபாதியைத் தருமமே கூற வேண்டும்.

முதல் வினா: காவல்

இல்லறத்தார் செய்ய நேரும் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கற்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்கல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னை அடுத்தோரையும் காக்கும்போது தவிர்க்க இயலாது நேர்வது விரோத ஹிம்சை. துறவியர் நான்கையும் விடுவர். இல்லறத்தார் முதலாவதை முற்றும் விட வேண்டும். ஏனையவற்றில் இயன்றவரை குறைத்து, விழிப்போடு ஒழுக வேண்டும்.

எனவே, காவல் வேண்டும் என்று அஞ்சும் ஓர் இல்லறத்தானைத் தருமம் இகழ்வதில்லை. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரின் திருவுருவை எழுப்பிய சாவுண்டராயர் கங்க அரசின் படைத்தலைவர்; நற்சிராவகர். போர்க்களத்தில் கடமையாற்றியவரே பாகுபலியின் துறவுக் கோலத்தைக் கல்லில் நிறுத்தினார். மனைவியையும் குழந்தையையும் காக்க நினைத்த இளைஞரின் அச்சம் உண்மையான அச்சம். அதை நாம் எள்ளளவும் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் விரோத ஹிம்சை என்ற பெயருக்குள் எதையும் நுழைத்துவிட இயலாது. முதலில் காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்வோம். களக்காட்டின் மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உள்ளது. களக்காடு சரணாலயமும் முண்டந்துறைச் சரணாலயமும் இணைந்து 1988இல் அது உருவாயிற்று. காடும் தோப்பும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் பன்றி வாழைக் கிழங்கைத் தோண்டுவது உழவரின் பெருந்துன்பம். உழவையே மரபாகக் கொண்ட நம்மவர்க்கு அத்துன்பம் தெரியாததன்று. எனினும் இருளில் விரையும் பன்றிக்கு முன் ரிவால்வர் பயனற்றது. குறுங்குழல் ஆயுதம் அதற்கு அமைந்ததன்று. காயம்பட்ட பன்றி மேலும் கொடியது. சட்டமும் இடம் தராது. 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடுதல். அதற்கு அப்பால் மட்டும் சுடுதல், அதுவும் வனத்துறையினரால் என வகுக்கப்பட்டது. தோப்பு உரிமையாளர் தாமே சுடுவது எவ்விடத்தும் முறையன்று. வேலி, அகழி, விளக்கு, இரவுக்காவல், அயலாரோடு கூடிய முறைக்காவல் ஆகியவையே அங்கு உண்மையான காவல்.

அடுத்துத் திருடர். பூட்டும் விளக்கும் நாயும் அண்டை வீட்டாரின் குரலும் தராத எதை ரிவால்வர் தரும்? உறக்கம் கலைந்தவன் கை நடுக்கத்தோடு இருளில் சுடும்போது எதிரே நிற்பது யார் என்று தோட்டா கேட்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் யாவரும் அறிந்த கைத்துப்பாக்கி மணியாச்சியில் 1911 சூன் 17ஆம் நாள் ஒலித்தது. ஆட்சியர் ஆஷ் மீது பாய்ந்தபின் அதே பிரௌனிங் துப்பாக்கி, அதை ஏந்திய வாஞ்சிநாதனின் உயிரையும் குடித்தது. அச்செயலின் நாட்டுப்பற்றை எடைபோடுவது நம் நோக்கமன்று. ஏந்திய கையையும் எதிர்நின்ற உடலையும் ஆயுதம் வேறுபடுத்தி அறியாது என்பதற்கே இதைச் சுட்டினோம். அமெரிக்க நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். சினமும் துயரமும் எல்லா வீட்டிற்கும் வந்து போகும் விருந்தாளிகள். அவை வரும் வேளையில் வீட்டில் எது கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது என்பதே வினா.

ஆதிபகவனின் திருமக்கள் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். பரதரும் பாகுபலியும் பகை கொண்டபோது, படைகள் அழிய வேண்டா என்று அமைச்சர் கூறிய அறிவுரைப்படி பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றோடு நின்றனர். மூன்றிலும் தோற்ற பரதர் என்ன செய்தார்? கையில் சக்கரம் இருந்தது, எறிந்துவிட்டார். எறியக் கூடாது என்பதை அறியாதவரா பரதர்? அறிவார். ஆயினும் சினத்தின் கணத்தில் அறிவு பின்தங்கியது, கை முந்தியது. அச்சக்கரம் உடன்பிறந்தாரைக் கொல்லாமல் பாகுபலியை வலம் வந்து நின்றது. நம் அலமாரியில் இருக்கும் தோட்டா வலம் வராது.

இவ்வளவும் எண்ணியபின்னும் ஆயுதமே தேவை என்று ஒருவர் உறுதியாகக் கண்டால், அவர் முறையாக உரிமம் பெறட்டும், பயிற்சி பெறட்டும், ஆயுதம் ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும், தேவை நீங்கிய நாளே ஒப்படைக்கட்டும். தேவையின் அளவே எல்லை. அவ்வெல்லைக்குள் 'பெரிய ரகம்' என்ற ஆசைக்கு இடமே இல்லை.

இரண்டாம் வினா: சேகரிப்பு

காவலுக்காவது அச்சம் என்ற காரணம் உண்டு. சேகரிப்புக்கு என்ன காரணம்? அழகு, அரிய வேலைப்பாடு, பழைமை என்பர். இங்கேதான் நம் சமயத்தின் நுட்பமான விரதம் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். அஃது அநர்த்த தண்ட விரதம். பயனற்ற தீங்கிலிருந்து விலகுதல். சமந்தபத்ர ஆசாரியார் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்து வகையாக்கினார். தமிழில் அருங்கலச்செப்பு அவ்வறத்தை நமக்கு எளிமையாகத் தந்தது. தீவினைக்கு வழி கூறல், கொலைக்கருவி வழங்கல், தீய எண்ணத்தில் திளைத்தல், மனத்தைக் கெடுக்கும் நூல்களைக் கேட்டல், காரணமின்றி மண் நீர் நெருப்பு மரங்களுக்குத் தீங்கு செய்தல் ஆகியவை அவ்வைந்து. கொலைக்கருவி வழங்கல் என்பதன்கீழ் வாளோடு மண்வெட்டியும் சங்கிலியும் நெருப்பும்கூட எண்ணப்படுகின்றன. உழவனின் மண்வெட்டியைப் பற்றியே இவ்வளவு எச்சரிக்கை என்றால், உயிரைப் பறிப்பதைத் தவிர வேறு பயனில்லாத ஒரு கருவியைப் பற்றி என்ன சொல்வது? மண்வெட்டி மண்ணையும் வெட்டும். ரிவால்வர் எதை உழும்?

இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களுள் ஒன்று, தேவைக்கு மேல் பொருள் சேர்த்தல். சேகரிப்பவர் தாம் சுடமாட்டார், மெய்தான். ஆனால் அவர் காலத்திற்குப் பின் அக்கருவி யார் கைக்குப் போகும்? பேரனுக்கா, விற்பவனுக்கா, திருடனுக்கா? ஆயுதத்தின் ஆயுள் மனிதரின் ஆயுளினும் நீண்டது. நூறாண்டுக்கு முந்தைய வெப்லி ரிவால்வர் எண்ணெயிட்டுத் துடைத்தால் இன்றும் சுடக்கூடும். நாம் சேர்த்து வைப்பது நாம் அறியாத ஒருவருக்கு அளிக்கும் ஹிம்சாதானமாய் முடியக்கூடும்.

சட்டமும் இவ்வழியில் நடந்துள்ளது காண்க. 1983இல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று எல்லை வகுக்கப்பட்டது. 2019 திசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. முதலில் கொண்டுவரப்பட்ட மசோதாவில் ஒன்று என்றே இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் இரண்டாயிற்று. மூன்று வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் ஒன்றைக் கைவிட வேண்டியவராயினர். பாட்டனாரின் ஆயுதமாயினும் விலக்கில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் நிலை அவர்களுக்கு வந்தது. இதையே நம் முன்னோர் பரிக்கிரக பரிமாணம் என்றனர். சட்டம் வெளியிலிருந்து எல்லை இடுகிறது. விரதம் உள்ளிருந்து எல்லை இடுகிறது. சட்டத்திற்கு அஞ்சி ஒன்றை விட்டவன் இரண்டை எண்ணி மகிழ்வான். விரதத்தால் விட்டவன் விட்டதை எண்ணி மகிழ்வான். பழைமையில் ஆர்வம் உள்ளோர் அதை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே கண்டு கற்கலாம். அறிவுக்கு உடைமை தேவையில்லை.

மூன்றாம் வினா: பழக்கம்

'நாங்கள் உயிரையா சுடுகிறோம்? தாளைத்தானே சுடுகிறோம்' என்பது இளைஞர் கூற்று. இக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஒலிம்பிக் விளையாட்டில் பத்து மீட்டர் தொலைவில் காற்றுத் துப்பாக்கியால் சுடுவோர்க்குக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா அதில் தங்கம் வென்றார். மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, உடலை அசையாது நிறுத்தும் அப்பயிற்சியில் பகை இல்லை. அதைக் கொலைக்கு நிகர் என்று நாம் கூறமாட்டோம்.

ஆனால் குறிப்பலகையில் மனித உருவை வரைந்து, பெருந்தோட்டாவின் அதிர்ச்சியைக் கையில் உணர்ந்து, 'எதிரே ஒருவன் நின்றால்' என்று எண்ணிச் சுடுவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க யசோதர காவியத்தினும் சிறந்த நூல் இல்லை. உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட மாட்டாமல், மாவினால் செய்த கோழியைத் தேவியின் முன் வாளால் வெட்டினான். உயிரற்ற மாவு, ஆயினும் 'கோழியைக் கொல்கிறேன்' என்ற சங்கற்பம் உயிருள்ளது. அதன் பயனாக மகனும் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். இறுதியில் இருவரும் கோழிகளாய்ப் பிறந்திருந்தபோது அவற்றைக் கொன்றது எது? யசோதரனின் மகனான மன்னன், ஓசை வந்த திசையில் அம்பெய்யும் தன் திறமையைத் தேவிக்குக் காட்ட எய்த அம்பு. அவனுக்கு அக்கோழிகள்மேல் பகை இல்லை, பசி இல்லை, திறமையைக் காட்டும் ஆசை ஒன்றே இருந்தது. தன் தந்தையையும் பாட்டியையுமே கொன்றான் என்பதை அவன் அறியவில்லை.

நீலகேசியில் இதற்கு மறுபக்கம் உண்டு. காளி கோயிலில் பலியிட வந்தோரிடம், உயிருக்கு மாறாக மண்ணால் செய்த உருவைப் படைக்குமாறு முனிச்சந்திர முனிவர் கூறுகிறார். மண்ணுருவும் உயிரற்றது, மாவுருவும் உயிரற்றது. ஒன்று கொலையை விடுவதற்காக. மற்றொன்று கொலையை நடிப்பதற்காக. பொருள் ஒன்றே; கருத்து வேறு. தாள்குறியும் அவ்வாறே. கையின் நடுக்கத்தை வெல்லச் சுடுகிறோமா, எண்ணத்தில் ஒருவனை வீழ்த்தச் சுடுகிறோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டால் விடை தானே வரும்.

அபயம்

இப்போது அடிவேருக்கு வருவோம். மூன்று வினாக்களுக்கும் வேர் அச்சமே. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 சனவரியில் பெண்களுக்கென .32 ரகத்தில் ஏறத்தாழ அரைக்கிலோ எடையுள்ள ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அதன் பெயர் நிர்பீக். அச்சமற்றது என்று பொருள். விலை ஒன்றேகால் இலட்சத்தை ஒட்டியது. தில்லியில் 2012இல் நேர்ந்த கொடுமையின் துயரத்திலிருந்து பிறந்த பெயர் அது; அத்துயரத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஓர் ஆசிரியையாகக் கேட்கிறோம்: அச்சமின்மையை விலைக்கு வாங்க இயலுமா? ஆயுதம் வாங்கியவன் ஆயுதம் திருடு போகுமோ என்று அஞ்சுகிறான். குழந்தை எடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறான். எதிரி இதினும் பெரியதை வைத்திருப்பானோ என்று அஞ்சுகிறான். .32க்குப் பின் .44, அதற்குப் பின் .455 என்று எண் ஏறுகிறது. அச்சம் இறங்கக் காணோம்.

நம் சமயத்தில் அபயம் என்பது வாங்கும் பொருள் அன்று, கொடுக்கும் பொருள். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அது நான்காவது. அத்தானத்திற்கு நம் மரபு யாரை எடுத்துக்காட்டாக வைத்துள்ளது தெரியுமா? ஒரு காட்டுப்பன்றியை!

மாளவ நாட்டில் இருவர் கூடி ஒரு தங்குமனை கட்டினர். தேவிலன் அதில் ஒரு முனிவரைத் தங்க வைத்தான். தர்மிலன் அவரை வெளியேற்றினான். அப்பகையால் இருவரும் போரிட்டு மாண்டு, விந்தியக் காட்டில் ஒருவன் பன்றியாகவும் மற்றவன் புலியாகவும் பிறந்தனர். அங்கு ஒரு குகையில் இரு முனிவர் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்ட பன்றிக்கு முற்பிறவி நினைவு வந்தது. அறத்தைக் கேட்டு விரதமும் ஏற்றது. மனித வாடையை முகர்ந்து வந்த புலி குகை வாயிலை அடைந்தபோது, பன்றி குறுக்கே நின்றது. இரண்டும் போரிட்டன, இரண்டும் மாண்டன. பன்றி சௌதர்ம சுவர்க்கம் எய்தியது. புலி நரகம் புக்கது.

அன்பர்களே, இக்கதையை ஆழ்ந்து நோக்குங்கள். இரண்டுக்கும் கோரப் பல்லும் வலிமையும் இருந்தன. இரண்டும் ஒரே வாயிலில் ஒரே போரைச் செய்தன. ஒன்று உண்ணப் போரிட்டது. ஒன்று காக்கப் போரிட்டது. கதி வேறாயிற்று. கருவி எவ்வளவு பெரிது என்று வினை கணக்கிடுவதில்லை. உள்ளத்தில் எது பெரிது என்றே கணக்கிடுகிறது. பன்றி என்றாலே பகை என்று எண்ணும் மலையடிவார மக்களும் இக்கதையைக் கேட்டால், காடு திரும்பும் பன்றியைச் சற்றே வேறு கண்ணோடு நோக்குவர்.

களக்காட்டுக்கு அருகே சிங்கிகுளத்துக் குன்றில், இன்று பகவதி அம்மன் கோயிலாக விளங்கும் இடத்தில், தீர்த்தங்கரர் திருவுருவம் இன்றும் உள்ளது. அதே நெல்லைச் சீமையைச் சேர்ந்திருந்த கழுகுமலையில் பாறை நிறையத் தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர் பெயர்களும் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் என்போர் பெண் ஆசிரியர்கள். அவர்கள் கையில் எழுத்தாணியும் ஏடும் இருந்தன. அவர்களைச் சூழ்ந்த காட்டில் புலியும் இருந்தது, கள்வரும் இருந்திருப்பர். அப்பாறையில் உள்ள எந்தத் தீர்த்தங்கரர் திருவுருவின் கையிலும் ஆயுதம் இல்லை. அரசுகள் மறைந்தன, வாள்கள் துருவேறி மண்ணாயின, வெறுங்கையோடு அமர்ந்தோர் இன்றும் அமர்ந்திருக்கின்றனர்.

நாம் செய்யத்தக்கன

இல்லந்தோறும் மூன்று உறுதிகளை ஏற்போமாக. முதலாவது, மூதாதையர் வழியில் வந்த துப்பாக்கி எவர் வீட்டிலேனும் இருப்பின், அதன் தேவையைக் குடும்பத்தார் கூடி ஆராய்ந்து, தேவையின்றேல் சட்டப்படி ஒப்படைப்பது. இரண்டாவது, தனித்து வாழும் நம்மவரை அண்டை வீட்டாரும் உறவினரும் தொலைபேசியிலேனும் நாள்தோறும் நலம் கேட்பது. ஒருவனை ஆயுதக் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் அவனுடைய தனிமையே. களக்காட்டுக்குக் குடிபோன பிள்ளையை நம்மில் எத்தனை பேர் சென்று கண்டோம் என்பதையும் இதனோடு சேர்த்துக் கேட்டுக்கொள்வோம். மூன்றாவது, தீபாவளியில் குழந்தைகளுக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கித் தராமலிருப்பது. அந்நாள் நமக்கு மகாவீரர் வீடுபேறடைந்த நாள். உலகிற்கெல்லாம் அபயம் அளித்தவர் விடைபெற்ற நாளில், 'டுமீல்' என்று ஒருவரையொருவர் குறிபார்க்கும் விளையாட்டை நம் முற்றத்தில் பழக்குவது மாக்கோழியை வெட்டியதற்கு நிகராகும். அதற்கு மாறாக விளக்கு ஒன்றை மிகுதியாக ஏற்றச் சொல்வோம். பன்றியின் கதையைச் சொல்வோம்.

எவனைக் கண்டு எவ்வுயிரும் அஞ்சுவதில்லையோ, அவன் எவ்வுயிர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை. அந்நிலை ஒருநாளில் வாராது; அணுவிரதங்களால் சிறிது சிறிதாகவே வரும். அதை நோக்கி இன்று ஓரடி வைப்போம்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க! அருகன் அறம் வளர்க!